மூன்றுக்கு ஒன்று

ஆட்சி, பின்னிடைவு என்னும் இரு சொற்களையும் நம் நாட்டிலே உயிரியல் கற்ற மாணவர் ஒவ்வொருவரும் அறிவர். நெட்டைப் பட்டாணிச் செடியைக் குட்டைப் பட்டாணிச் செடியோடு கலந்தால் முதலாந் தலைமுறை முழுவதும் நெட்டையாகவே வளரும். அச்செடிகள் தன்மகரந்தச்சேர்க்கை பெற்றால் இரண்டாந் தலைமுறையிலே மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை என்ற அளவில் தோன்றும். கரும்பலகையில் நான்கு கட்டங்கொண்ட சதுரம் ஒன்று வரையப்படும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அதனுள் நிரப்பப்படும். மணி அடிக்கும், பாடம் முடிந்துவிடும். இத்துணை எளிய, இத்துணைத் தீங்கற்ற பாடத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டோ என ஐயுறுவார் இருக்கலாம். உண்டு. அச்சரித்திரத்தில் நீதிமன்றமும் சிறைச்சாலையும் சத்திரசிகிச்சைக் கூடமும் இடம்பெறுகின்றன. வலதுசாரிகள் அப்பாடத்துக்கு இழைத்த அநீதியும் அதில் உண்டு. இடதுசாரிகள் இழைத்த அநீதியும் உண்டு.

இலக்கியங் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று விஞ்ஞான ஆசிரியர்களாகிய நண்பர்கள் கேட்கக்கூடும். நம்மை முதலில் ஈர்த்தவை அச்சொற்களே. தாய்மொழியில் விஞ்ஞானக் கல்வி தொடங்கப்பெற்ற காலத்திலே நம் அறிஞர்கள் கலைச்சொற்றொகுதிகளை ஆக்கித் தந்தனர். அவர்தம் உழைப்பு போற்றுதற்குரியது. ஆயினும் சொல் ஒவ்வொன்றும் தனக்குரிய நிழலைத் தன்னோடு கொண்டே வருகின்றது. ஆட்சி என்றவுடன் அரசும் கோலும் நினைவுக்கு வருகின்றன. பின்னிடைதல் என்றால் போர்க்களத்தில் புறங்காட்டியவனின் உருவம் மனத்தில் எழுகின்றது. இது தமிழுக்கு மாத்திரம் நேர்ந்த இடர்ப்பாடன்று. மெண்டல் ஜேர்மன் மொழியில் எழுதியபோது கையாண்ட மூலச்சொல்லும் 'எசமானன்' என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்ததே. எசமானன் எவன், அடங்கியவன் எவன் என்று உலகம் ஏற்கெனவே வகுத்து வைத்திருந்தது. அவ்வகுப்பின்மேல் இச்சொல் வந்து பொருந்திக்கொண்டது.

கிறெகொர் மெண்டல் 1822இல், அன்றைய ஒஸ்திரியப் பேரரசுக்குட்பட்ட சிலேசியாவிலே ஒரு குடியானவரின் மகனாகப் பிறந்தார். தந்தை தம் சொந்த நிலத்தில் உழைத்ததோடு, வாரத்தில் மூன்று நாள் நிலப்பிரபுவின் வயலிற் கூலியின்றிப் பாடுபடவும் கடமைப்பட்டிருந்தார். அத்தகைய குடும்பத்துப் பிள்ளை கல்வியைத் தொடர்வதற்கு மடமே வழியாயிற்று. 1843இல் புரூண் நகரத்து அகுஸ்தீனிய மடத்திற் சேர்ந்தார். அந்நகர் இன்று செக் குடியரசில் புர்னோ என வழங்கப்படுகின்றது. ஆசிரியர்களாகிய நம்மவர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. மெண்டல் பல்லாண்டு பாடசாலையிற் கற்பித்தவர். ஆனால் ஆசிரிய தராதரப் பரீட்சையில் அவர் ஒருபோதும் சித்தியெய்தவில்லை. 1850இல் தவறினார். 1856இல் மீண்டும் தோற்றச் சென்று, முடிக்காமலே திரும்பினார். 1854 முதல் 1868 வரை பதில் ஆசிரியராகவே காலங் கழித்தார்.

பரீட்சையை முடிக்காமல் திரும்பிய அதே 1856ஆம் ஆண்டிலேதான் மடத்துத் தோட்டத்திற் பட்டாணி நட்டு அவர் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1863 வரையும் ஏறத்தாழ 28,000 செடிகளை ஆராய்ந்தார். அவருக்கு முன்னரும் செடிகளைக் கலந்து பார்த்தோர் பலர். கலப்பிற் பிறந்தவற்றைத் தலைமுறை தலைமுறையாக, வகை வகையாக எண்ணிப் பார்த்தவர் அவரே. உருண்டை விதைக்கும் திரங்கிய விதைக்கும் உரிய கணக்கை மட்டும் ஈண்டுத் தருவோம்: இரண்டாந் தலைமுறையில் 7,324 விதைகள். அவற்றுள் உருண்டையானவை 5,474, திரங்கியவை 1,850. வகுத்துப் பார்த்தால் 2.96க்கு 1. வகுப்பறையில் எஞ்சுவது பெரும்பாலும் 'மூன்றுக்கு ஒன்று' என்னும் சூத்திரம் மட்டுமே. 5,474 என்ற எண்ணில் அடங்கியுள்ள உழைப்பையும், கணக்கு மூன்றில் முழுமையாக நில்லாமற் சற்றே விலகி நின்ற நேர்மையையும் மாணவர் காண்பதில்லை.

மெண்டல் கண்டது யாது? முதலாந் தலைமுறையில் மறைந்துபோன திரங்கற் குணம் அழிந்துவிடவில்லை, கலந்து கரைந்துவிடவுமில்லை. அடுத்த தலைமுறையில் அது மாசுபடாமல், முன்னிருந்தபடியே திரும்பி வந்தது. அஃதாவது, உயிர்கள் தம் சந்ததிக்குக் கையளிப்பது கலவையன்று, தனித்தனி அலகுகளையே. இந்த உண்மையை அவர் 1865 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் புரூண் இயற்கை விஞ்ஞானக் கழகத்திலே படித்தார். மறு ஆண்டு அச்சேறியது. உலகம் அதன் பெறுமதியை உணரவில்லை. 1884இல் அவர் மறைந்தார். 1900இல்தான் மூன்று ஐரோப்பியத் தாவரவியலாளர் அதனை மீட்டெடுத்தனர்.

ஈண்டு ஒரு நுட்பத்தை விரித்துரைத்தல் வேண்டும். பின்வருவன யாவும் அதனைப் பொறுத்தவை. ஆட்சி என்பது ஒரு பரம்பரையலகின் வலிமையைக் குறிப்பதன்று. இரண்டு வேறு எதிருருக்கள் ஓருயிரில் ஒருங்கே அமையும்போது வெளித்தோற்றத்தில் எது தெரிகிறது என்பதை மட்டுமே அது குறிக்கின்றது. திரங்கிய பட்டாணியின் மர்மத்தைப் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் 1990இல் அவிழ்த்தனர். மாப்பொருளைக் கிளைத்த வடிவில் ஆக்கும் நொதியம் ஒன்றுண்டு. அதற்குரிய பரம்பரையலகினுள்ளே வேற்றுத் துண்டு ஒன்று புகுந்து அதனைக் குலைத்துவிட்டது. குலைந்த பிரதி இரண்டும் சேர்ந்தால் மாப்பொருள் குறைகின்றது. வெல்லமும் நீரும் மிகுகின்றன. உலரும்போது விதை திரங்குகின்றது. ஒரு பிரதி நல்லதாயின், விதையை உருண்டையாக்குவதற்கு அதன் வேலையே போதுமானது. ஆகவே 'ஆட்சி' செய்கின்ற அலகு மற்றதை அடக்குவதுமில்லை, வெல்லுவதுமில்லை. அது தன் வேலையைச் செய்கின்றது, மற்றது செய்யாதிருக்கின்றது. இன்னுமொன்று: அக்கலப்பு விதையை வெட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், உள்ளிருக்கும் மாப்பொருட் சிறுமணிகள் உருண்டை விதையினவற்றையும் ஒவ்வா, திரங்கிய விதையினவற்றையும் ஒவ்வா, இடைப்பட்டனவாய் இருக்கும். கண்ணுக்கு ஆட்சி, நுணுக்குக்காட்டிக்குச் சமரசம்! ஆட்சி என்பது பார்ப்பவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதையும் பொறுத்தது.

ஆட்சியுடையது எண்ணிக்கையில் மிகும் என்பதும் பொய். சில குடும்பங்களிற் காணப்படும் ஆறாம் விரல் ஆட்சிக் குணமே. உலகம் ஆறு விரலினரால் நிரம்பிவிடவில்லை. 'ஓ' இரத்த வகை பின்னிடைவானது. நம் நாட்டிலோ அவ்வகையினரே மிகுதி.

இவ்விரு மயக்கங்களும் வெறும் மாணவர் மயக்கமாக நின்றிருந்தால் நாம் இக்கட்டுரையை எழுதவேண்டியதில்லை. அவை சட்டமாயின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கா ஆலைகளின் நாடாகவும், குடியேறிய ஏழைகளின் நாடாகவும் மாறிக்கொண்டிருந்தது. நகரங்களிலே வறுமையும் வேலையின்மையும் குற்றமும் பெருகின. அவற்றுக்குக் காரணம் சம்பளமும் வீட்டு வாடகையும் அல்ல, இரத்தமே என்று கூறும் விஞ்ஞானம் ஒன்று அன்றைய செல்வருக்குத் தேவைப்பட்டது. 1910இல் சார்ள்ஸ் டவென்போர்ட் என்னும் உயிரியலாளர் நியூயோர்க் மாநிலத்திலே இனமேம்பாட்டியற் பதிவகம் ஒன்றை நிறுவினார். புகையிரதப் பாதைகளாற் கோடீசுவரரான ஹரிமன் குடும்பத்துச் செல்வம் அதற்குத் துணைநின்றது. மெண்டலின் சதுரத்தை எடுத்து, அதனுள் பட்டாணிக்குப் பதிலாக மனிதரை நிரப்பினார்கள். வறுமை, குடிப்பழக்கம், ஒழுக்கக்கேடு, 'மந்தபுத்தி' என யாவற்றையும் அந்த அளவுகோலால் அளக்க முற்பட்டார்கள்.

இவற்றுள் மந்தபுத்தியே மிகுந்த கவனத்தைப் பெற்றது. அது ஒரு தனிப் பின்னிடைவு அலகால் வருவது என்று நியூ ஜேர்சியிலே வைன்லாந்துப் பயிற்சிப் பாடசாலையைச் சேர்ந்த உளவியலாளர் ஹென்றி கொடார்ட் சாதித்தார். 1912இல் அவர் வெளியிட்ட நூல் 'கலிகாக்' என்னும் புனைபெயரிட்ட ஒரு குடும்பத்தின் கதை. கிரேக்கத்தில் நன்மை, தீமை எனப் பொருள்படும் இரு சொற்களை ஒட்டி அவரே செய்த பெயர் அது. சுதந்திரப் போர்க்காலத்துப் படைவீரன் ஒருவன் மதுச்சாலைப் பெண் ஒருத்தியோடு கூடிப் பெற்ற வழியிலே 480 பேர்; அவர்களுள் 143 பேர் மந்தபுத்தியினர். அதே வீரன் முறைப்படி மணந்த நற்குடிப் பெண்ணின் வழியிலே 496 பேர்; ஏறத்தாழ அனைவரும் நல்லோர். சதுரத்தைவிடக் கதை எளிது. மாணவர் மனத்திற் பதிய அதனினுஞ் சிறந்த கதை வேறில்லை. ஆனால் இறந்துபோன முன்னோரின் புத்தியை அளந்தது எவ்வாறு? களப்பணியாளர் வீட்டைப் பார்த்தும் அயலாரை விசாரித்தும் முடிவு கட்டினர். பின்னாளில் வமிசாவளிகளைத் தேடியவர்கள், தீய வழியின் மூலபுருஷன் அப்படைவீரனின் மகனே அல்லன் என்று காட்டினர்.

கதை வகுப்பறைக்குள் எவ்வாறு நுழைந்தது? நியூயோர்க்கில் உயர்நிலைப் பாடசாலையொன்றின் உயிரியல் ஆசிரியரான ஜோர்ஜ் வில்லியம் ஹண்டர் 1914இல் 'குடிமை உயிரியல்' எனப் பொருள்படும் பாடநூலை வெளியிட்டார். நாடெங்கும் பரவிய நூல் அது. பரம்பரை பற்றிய பகுதியில் கலிகாக் கதை இடம்பெற்றது. இத்தகைய குடும்பங்கள் சமுதாயத்தின் ஒட்டுண்ணிகள் எனவும், விலங்குகளாயின் கொன்றொழித்திருப்போம் எனவும், மனிதராதலின் பிரித்துவைத்து இனப்பெருக்கத்தைத் தடுக்கவேண்டும் எனவும் பொருள்படப் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அந்நூல் போதித்தது. மனித இனங்களை வரிசைப்படுத்தி வெள்ளையரை உச்சியில் வைத்ததும் அதே நூல்தான்.

முற்போக்காளர் பலர் இந்நூலை வேறொரு காரணத்துக்காக அறிவர், பெயர் அறியாமலே. 1925இல் தெனசி மாநிலத்து டேட்டன் ஊரிலே, மனிதன் கீழுயிர்களிலிருந்து கூர்ப்படைந்தான் என்று கற்பித்ததற்காக ஜோன் ஸ்கோப்ஸ் என்னும் இளம் ஆசிரியர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார் அன்றோ? மதவெறிக்கும் விஞ்ஞானத்துக்கும் நடந்த போர் என நாம் இன்றும் வகுப்பிற் கூறுகின்ற வழக்கு அது. வழக்கிற்கு உட்பட்ட பாடநூல் ஹண்டரின் நூலே. அதிலே கூர்ப்பைப் பற்றிய பக்கங்களுக்காக ஆசிரியருக்கு நூறு டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஏழைகளை ஒட்டுண்ணிகள் என்ற பக்கங்களுக்காக எவரும் நீதிமன்றம் செல்லவில்லை. ஸ்கோப்ஸின் பக்கம் நின்றது சரியே. அந்நூலை முழுவதும் படித்தபின் நிற்பது அதனினும் சரி.

நீதிமன்றத்துக்குச் சென்றது வேறொருத்தியின் கதை. வெர்ஜீனியா மாநிலம் 1924இல், பரம்பரைக் குறைபாடுடையோர் எனக் கருதப்பட்டோரை மலடாக்கும் சட்டத்தை இயற்றியது. அதனைச் சோதிப்பதற்குத் தெரிவுசெய்யப்பட்டவள் கரீ பக் என்னும் ஏழைப் பெண். தாய் ஏற்கெனவே 'மந்தபுத்தியினருக்கான' அரச நிலையத்தில் அடைக்கப்பட்டிருந்தாள். கரீயோ தன்னை வளர்த்த வீட்டாரின் உறவினன் ஒருவனால் வன்புணர்வுக்குள்ளாகிப் பதினேழாம் வயதிற் கருவுற்றாள். குற்றவாளி வெளியே, அவள் அந்நிலையத்தின் உள்ளே. அவளுடைய குழந்தை விவியனை ஏழு மாதத்திற் பார்த்த ஒருத்தி, குழந்தையின் பார்வை இயல்பாக இல்லை என்று சாட்சியம் கூறினாள். தாய், மகள், பேர்த்தி: மூன்று தலைமுறைச் சான்று தயாராயிற்று. 1927இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையால் அச்சட்டத்தை ஏற்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் கரீ மலடாக்கப்பட்டாள். அவள் தங்கைக்கும் அதே சிகிச்சை நடந்தது. குடல்வால் அகற்றுவதாகவே அவளிடம் கூறப்பட்டது. பிள்ளை ஏன் பிறக்கவில்லை என்பதை அவள் அறிந்தது முதுமையிலே.

விவியன் பாடசாலைக்குச் சென்றாள். ஆசிரியர்கள் இட்ட புள்ளிகள் இன்றும் கிடைக்கின்றன. சராசரி மாணவி, நன்னடத்தைக்கு உயர்ந்த புள்ளி, 1931இல் ஒரு தவணை திறமைச்சித்தி பெற்றோர் பட்டியலிலும் இடம்பெற்றாள். 1932இல், எட்டு வயதில், நோயுற்று இறந்தாள். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அவளைப்பற்றிக் கொண்ட முடிவை, பெயர் அறியப்படாத ஓர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியையின் புள்ளியேடு மறுத்துக்கொண்டே இருந்தது. அதனைத் திறந்து பார்க்கத்தான் எவருமில்லை. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய சட்டங்களால் 60,000க்கும் மேற்பட்டோர் மலடாக்கப்பட்டனர்.

கருணையை ஒருபுறம் வைத்து, கணக்கை மாத்திரம் எடுத்துக்கொண்டாலும் இத்திட்டம் நிற்காது. அக்கணக்கு அன்றே தெரிந்திருந்தது என்பதே இதில் மிகுந்த வேதனை தருவது. 1908இல் கேம்பிறிட்ஜில் பரம்பரையியலாளர் பனெற், தம்மோடு கிறிக்கெற் ஆடும் நண்பரான கணித வல்லுநர் ஹார்டியிடம், ஆட்சிக் குணம் சனத்தொகையிற் காலப்போக்கிற் பெருகாதது ஏன் என்னும் ஐயத்தை எடுத்துச் சென்றார். நம் இராமானுசனை உலகறியச் செய்த அதே ஹார்டிதான். அவர் பாடசாலை அட்சரகணிதத்தைக் கொண்டு விடையிறுத்தார்: வேறு காரணம் குறுக்கிடாதவரை ஆட்சியும் பெருகாது, பின்னிடைவும் அருகாது, தலைமுறை தோறும் அதே விகிதம். ஜேர்மனியில் வைத்தியர் வைன்பேர்க் அவ்வாண்டிலேயே அதே முடிபைத் தனியாகக் கண்டிருந்தார்.

இதனைப் பத்தாம் வகுப்பு மாணவரும் செய்து பார்க்கலாம். பின்னிடைவான ஒரு குறைபாடு நூற்றுவரில் ஒருவருக்கு இருப்பதாகக் கொள்வோம். அப்படியாயின் எதிருருக்களிற் பத்தில் ஒன்று அக்குறைபாட்டிற்குரியது. குறைபாடு வெளித்தெரியாமல் அதனைக் காவிச்செல்வோர் நூற்றுவரில் 18 பேர். மலடாக்கும் கத்தி அந்த ஒருவரைத் தொடும், பதினெண்மரைத் தொடாது. நோயுற்ற அனைவரையும் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் விடாமல் மலடாக்கினாலும் அப்பத்தில் ஒன்று அடுத்த தலைமுறையிற் பதினொன்றில் ஒன்றாகும். அதற்கடுத்துப் பன்னிரண்டில் ஒன்று. பின்னர் பதின்மூன்றில் ஒன்று. ஒரு தலைமுறைக்குப் பகுதியெண் ஒன்று கூடும், அவ்வளவே. நூற்றுவரில் ஒருவர் என்பது பதினாயிரவரில் ஒருவர் ஆவதற்குத் தொண்ணூறு தலைமுறை வேண்டும். தலைமுறைக்கு 25 ஆண்டெனக் கொள்ளின் 2,250 ஆண்டுகள்! சங்கச் சான்றோர் காலத்துக்கும் அப்பாலிருந்து கத்தியைத் தீட்டத் தொடங்கியிருக்க வேண்டும். அதுவும், மந்தபுத்தி என்பது உண்மையிலேயே ஒற்றைப் பின்னிடைவு அலகால் வருவதானால். அது அவ்வாறு வருவதன்று. பனெற் 1917இல் இத்தகைய கணக்கைத் தாமே வெளியிட்டார். ஆயினும் இனமேம்பாட்டியலை அவர் கைவிடவில்லை. இனிக் காவிகளையும் தேடிப் பிடிக்கவேண்டும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட பாடம். கணக்குத் தெரிந்தால் மட்டும் போதாது போலும்.

அமெரிக்கச் சட்டங்களை முன்மாதிரியாகக் கொண்டு ஹிட்லரின் ஆட்சி 1933 ஜூலையிற் செய்ததை வாசகர் அறிவர். ஏறத்தாழ 400,000 பேர் மலடாக்கப்பட்டனர். கொலை பின்னர் வந்தது. நாம் ஆசிரியர் என்ற வகையிற் குறிப்பிடவேண்டியது ஒன்றே. அவ்வாண்டு செப்டெம்பரில் பிரஷிய அரசு பரம்பரையியலையும் இனவியலையும் பாடசாலைகளிற் கட்டாய பாடமாக்கியது. மனநோயாளர் ஒருவருக்கு நாளொன்றுக்கு அரசு செலவிடும் தொகை இவ்வளவாயின், அத்தொகையில் எத்தனை குடும்பங்களுக்கு வீடு கட்டலாம் என்ற வகையிலான வினாக்கள் கணிதப் பாடநூல்களில் ஏறின. அங்கும் கணக்குத்தான் கற்பித்தார்கள்.

நம் அணியினர் இக்கொடுமைகளைக் கண்டு கொதித்தது இயல்பே. கொதிப்பிலிருந்து பிறந்த முடிவுதான் பிழைத்தது. மெண்டலை முதலாளித்துவம் பயன்படுத்துகின்றது, பாசிசம் பயன்படுத்துகின்றது; ஆகவே மெண்டல் பொய். சோவியத் நாட்டில் இவ்வாதம் துரொபீம் லைசெங்கோ என்பவரின் கையில் ஆயுதமாயிற்று. அவரும் மெண்டலைப்போலக் குடியானவர் மகனே. சூழலை மாற்றினால் பயிரின் பரம்பரையையும் மாற்றலாம் என்றார். பசித்திருந்த நாட்டுக்கு விரைவில் விளைச்சல் தருவதாக வாக்களித்தார். பல்கலைக்கழகத்துப் பரம்பரையியலாளர் பத்தாண்டு வேண்டும் என்றபோது அவர் மூன்றாண்டு போதும் என்றார்.

மூன்றுக்கு ஒன்று என்பதையே இவ்வணியினர் மறுத்தனர். லைசெங்கோவின் மாணவியான யெர்மொலாயெவா பல பட்டாணிக் குடும்பங்களை ஆராய்ந்து, குடும்பத்துக்குக் குடும்பம் விகிதம் மாறுகின்றது, ஆகவே மெண்டலின் விதி பொய் என்று 1939இல் எழுதினார். அந்த எண்களை எடுத்து ஆராய்ந்தவர் நிகழ்தகவுக் கணிதத்தின் மாமேதையான கொல்மகோரவ். 1940இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை, அம்மாறுதல்கள் தற்செயலால் எவ்வளவு நேரவேண்டுமோ அவ்வளவே நேர்ந்துள்ளன, இவ்வெண்கள் மெண்டலுக்கு எதிரானவையல்ல, அவருக்குப் புதிய சான்றே என்று காட்டியது. சோவியத் நாட்டின் உள்ளிருந்தே, ஒரு சோவியத் விஞ்ஞானியால் எழுந்த குரல் அது. லைசெங்கோ தாம் கணிதத்தை நம்பவேண்டியதில்லை என்னும் பாங்கிலே மறுமொழி கூறினார்.

அதே 1940 ஓகஸ்டில் நிக்கொலாய் வவிலோவ் கைதானார். உலகின் மூலைகளெங்கும் நடந்து பயிர்விதைகளைச் சேர்த்தவர். உழைக்கும் மக்களின் பசி தீர்க்கவே சேர்த்தவர். தொடக்கத்தில் லைசெங்கோவுக்கு ஆதரவளித்தவரும் அவரே. 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் இறந்தார். அவர் நடத்திய லெனின்கிராட் நிலையத்தில், நாசிகளின் முற்றுகைக் காலத்தில், அவருடைய சகாக்கள் நெல்லும் கோதுமையும் மூடைகளாய் அருகிருக்க, அவற்றிற் கைவையாது பசியாலிறந்தனர். மனுக்குலத்துக்குரிய விதை என்று அவற்றைக் காத்தவர் அவர்கள். அவர்களுடைய விஞ்ஞானத்தையே 1948 ஓகஸ்டில் வேளாண் விஞ்ஞானக் கழகத்தின் அமர்வு பிற்போக்கானது எனத் தீர்த்தது. லைசெங்கோ அங்கு ஆற்றிய உரையை ஸ்டாலின் தம் கையாலேயே திருத்தியிருந்தார் என்பதை ஆவணங்கள் காட்டின. பரம்பரையியல் பாடநூல்களிலிருந்து நீக்கப்பட்டது, கற்பித்தோர் பதவியிழந்தனர். 1964இல் குருஷேவ் வீழ்ந்து, மறு ஆண்டு லைசெங்கோவும் பதவி இழந்த பின்னரே மெண்டல் சோவியத் பாடசாலைக்குத் திரும்பினார். இடைப்பட்ட ஆண்டுகளில் மாணவராயிருந்த ஒரு தலைமுறை அந்நான்கு கட்டச் சதுரத்தைக் காணாமலே வளர்ந்தது.

பகைவன் கையிலுள்ள விளக்கு எரியவில்லை என்று சாதிப்பதால் இருள் அகலுமா? பிரித்தானியப் பொதுவுடைமையாளரான ஜே. பி. எஸ். ஹோல்டேன் இதனை அறிந்திருந்தார். கட்டாய மலடாக்குதலைச் சாடி 1938இல் அவர் வெளியிட்ட நூல் மெண்டலை மறுக்கவில்லை; மெண்டலைக் கொண்டே இனமேம்பாட்டியலாளரை மறுத்தது. அத்தகையவரும் 1948இன் பின் லைசெங்கோவைப் பகிரங்கமாகக் கண்டிக்கத் தயங்கினார். 1950 அளவிற் கட்சியிலிருந்து விலகினார். தயங்கிய ஆண்டுகளை அவர் பெருமைக்குரியனவாக நாம் கொள்ளமாட்டோம். பின்னர் இந்தியாவிற் குடியேறி, 1964இல் புவனேசுவரத்திற் காலமானார்.

ஹோல்டேன் நமக்கு இன்னொரு வகையிலும் உறவினர். 1949இல் அவர் ஒரு கருத்தை வெளியிட்டார். தலசீமியா என்னும் குருதிநோய் பின்னிடைவானது. இரு பிரதியும் குலைந்த பிள்ளை வாழ்நாள் முழுவதும் பிறர் இரத்தம் ஏற்றிக்கொள்ளவேண்டும். இத்துணைக் கொடிய அலகு சில நாடுகளில் அழியாதிருப்பது ஏன்? ஒரு பிரதி மட்டும் உடைய காவிகள் மலேரியாவைத் தாங்கி உயிர் பிழைத்தமையால் என்றார். பின்வந்த ஆராய்ச்சிகள் அதனை உறுதிசெய்தன. மலேரியா நம் உலர்வலயத்தின் பழம்பகை. 1934-35இல் அது குருநாகல், கேகாலைப் பகுதிகளிலும் பரவி 80,000 பேர் வரையிற் கொன்றது. மருந்தும் பருப்பும் சுமந்து கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத் தோழர்கள் அந்த ஆண்டின் இறுதியிலேயே இந்நாட்டின் முதலாவது இடதுசாரிக் கட்சியைத் தோற்றுவித்தனர். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. நோய் போயிற்று, அதனோடு போரிட்ட அலகு நம் குருதியில் எஞ்சியிருக்கின்றது. தலசீமியாவுக்கென நிறுவப்பட்ட தேசிய நிலையம் குருநாகலிலேயே இருக்கின்றது. அவ்வலகைக் கெட்ட இரத்தம் என்று கூறுவோர், தம் பாட்டனார் எவ்வாறு பிழைத்தார் என்பதையும் கேட்டறிதல் நன்று.

ஆகவே இப்பாடத்தை எவ்வாறு கற்பிப்பது என்பது நமக்கு வெறும் பரீட்சை விடயமன்று. நாக்கைச் சுருட்டச் சொல்லி ஆட்சிக்கு உதாரணங் காட்டும் வழக்கம் பல நாட்டு வகுப்பறைகளில் உண்டு. அமெரிக்கப் பரம்பரையியலாளர் ஸ்டேர்ட்டிவன்ற் 1940இற் சொன்னது அது. ஒரே கருவிற் பிறந்த இரட்டையருள்ளும் ஒருவர் சுருட்ட, மற்றவரால் இயலாதிருத்தல் 1952இல் தெரியவந்தது. அவரும் 1965இல் அதனைத் தாம் கைவிட்டதாக எழுதினார். பாடம் மட்டும் கைவிடவில்லை. தாய்க்கும் இயலாது, தந்தைக்கும் இயலாது, தனக்கு இயலும் என்று கண்ட ஒரு பிள்ளை சதுரத்தை நிரப்பிவிட்டு வீட்டுக்குச் சென்று என்ன எண்ணும் என்பதை ஆசிரியர் சிந்திக்கவேண்டும். பரிசோதனைக்கு மனிதக் காது, கண், நாக்கு வேண்டியதில்லை. இரத்த வகை இருக்கின்றது, பட்டாணி இருக்கின்றது.

தலசீமியாக் காவிகளாகிய தாய்தந்தையர்க்கு நோயுற்ற பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 'நான்கில் ஒன்று வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளை நலமாய்ப் பிறக்கும்' என்று அவர்கள் எண்ணிவிடக்கூடும். சதுரத்தின் நான்கு கட்டங்களும் நான்கு பிள்ளைகள் அல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நான்கு கட்டங்களும் புதிதாக விரிகின்றன. நம் பாடசாலையில் விஞ்ஞானங் கற்பிக்கும் நண்பரொருவர் இதற்கென மாணவருக்கு இரண்டிரண்டு நாணயம் கொடுத்து நூறு முறை சுண்டச் சொல்வார். இரண்டும் பூ விழுந்தது இருபத்தைந்து முறை என்று எழுதிவருவோர் மிகச் சிலரே; ஒருவருக்கு 19, இன்னொருவருக்கு 31. அடுத்தடுத்து மூன்று முறை பூவும் பூவும் விழுந்ததைக் கண்ட மாணவி ஒருத்தி, நாணயத்திற் பழுது இருக்குமோ என்று அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வகுப்பு முழுவதன் எண்களையும் கரும்பலகையில் எழுதிக் கூட்டுமாறு நண்பர் அவளையே அழைத்தார்.